நீலிக் கண்ணீரும் ஆய்வாளர் பட்டியலும்: இயக்கி வழக்காறுகளை மூடநம்பிக்கையாக்கும் ஆய்வுமுறைக்கு ஒரு மறுப்பு

முன்னுரை

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் நாட்டார் வழக்காறுகள் ஆய்வுப் பொருளாகி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. நா. வானமாமலை போன்றோர் கதைப்பாடல்களைத் திரட்டிப் பதிப்பித்த காலத்தில் இத்துறையின்மீது இருந்த ஐயப்பார்வை இன்று இல்லை. ஆயின் துறை வளர்ந்த அளவுக்கு அதன் முறை வளர்ந்ததா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. ஒரு வட்டத்தையோ மாவட்டத்தையோ களமாகக் கொள்ளும் ஆய்வேடுகளில் ‘நம்பிக்கைகள்’ என்றோர் இயல் பெரும்பாலும் தவறாது இடம்பெறுகிறது. பல்லி விழும் பலன், பூனை குறுக்கிடுதல், ஆந்தை அலறுதல், காக்கை கரைதல், புளியமரத்துப் பேய், பனைமரத்து யட்சி, கள்ளியில் உறையும் இசக்கி என எண்ணிட்ட வரிசையாக அது அமையும். வரிசையின் முடிவில், இவை அறியாமையால் தோன்றிய மூடநம்பிக்கைகள், கல்வி வளர வளர மறைந்துவிடும் என்னும் ஒரு தொடர் வரும். அல்லது, இவற்றுள் முன்னோரின் அறிவியல் பொதிந்து கிடக்கிறது என்னும் நேர்மாறான தொடர் வரும். இரண்டனுள் எதனைச் சேர்த்தாலும் மேலேயுள்ள வரிசையில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியிராது. முடிவு எதுவாயினும் தரவு மாறாதிருக்கிறது என்றால், அம்முடிவு தரவிலிருந்து பெறப்பட்டதன்று என்பது வெளிப்படை.

பழைய வேணாட்டு நிலப்பகுதியில், திருவனந்தபுரம் தொடங்கி நாகர்கோவில், ஆரல்வாய்மொழி ஈறாக, வழங்கிவரும் இயக்கி வழக்காறுகளைச் சான்றாகக் கொண்டு இப்பட்டியல்முறை மறுக்கப்பட வேண்டியது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. நம்பிக்கையை அதன் கதையினின்று பிரித்தெடுத்தால் அச்சம் மட்டும் எஞ்சும். அச்சத்திற்குக் காரணமான குற்றம் மறைந்துபோகும். குற்றத்தை மறைக்கும் ஆய்வு நடுநிலையானது எனத் தன்னைச் சொல்லிக்கொள்ள இயலாது.

கள்ளி சொல்லும் சாட்சி

கள்ளியில் இசக்கி குடியிருப்பாள், பொழுது சாய்ந்தபின் அவ்வழி செல்லலாகாது என்பது ஆய்வேட்டில் ஒரு வரி. கன்னியாகுமரி மாவட்டத்து வில்லுப்பாட்டில் இதுவே ஓர் இரவு முழுதும் பாடப்பெறும் கதை. பாடங்கள் தம்முள் வேறுபடினும் கதையின் கட்டுக்கோப்பு பெரும்பாலும் ஒன்றே. கோயிற் பூசகன் ஒருவன் கணிகை ஒருத்தியிடம் தன் பொருளை எல்லாம் இழக்கிறான். கைப்பொருள் ஒழிந்தபின் அவளுடைய தாய் அவனை வெளியேற்றுகிறாள். கணிகையோ அவன்மீது கொண்ட அன்பினால் பின்தொடர்ந்து வருகிறாள். காட்டுவழியில், கள்ளி நிழலில், அவன் மடியில் தலைவைத்து உறங்கியவளைக் கல்லால் அடித்துக் கொன்று அவளது நகைகளைக் கவர்ந்துகொண்டு செல்கிறான். இறக்கும் தறுவாயில் அவள் கள்ளியைச் சாட்சியாக அழைக்கிறாள். நகையோடு சென்றவன் கிணற்றருகே பாம்பு தீண்டி மாள்கிறான். அவளைத் தேடி வந்த தமையனும் உயிர் விடுகிறான். மறுபிறப்பில் அவள் நீலியாகவும் கொலைஞன் வணிகனாகவும் பிறக்கின்றனர். கள்ளிக் கொப்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திய நீலி, ஊர்ச்சபையின் முன்னே வந்து அவ்வணிகன் தன் கணவன் என முறையிடுகிறாள். சபையினர் எழுபதின்மர் அவனுயிருக்குத் தம் உயிரைப் பிணையாகத் தந்து அவனை அவளுடன் ஓரறையில் விடுகின்றனர். விடியலில் அவன் பிணமாகக் கிடக்கிறான். சொன்ன சொல் காக்க எழுபதின்மரும் தீப்புகுகின்றனர்.

இக்கதையை அறிந்தோர்க்குக் கள்ளி பேய் உறையும் செடியன்று. ஒரு கொலையைக் கண்ட ஒரே சாட்சி. பாம்பு தற்செயலாகத் தீண்டிய உயிரினமன்று. அரசும் ஊரும் வழங்காத தண்டனையை வழங்கியது. நீலியின் இடுப்பிலிருக்கும் குழந்தை அந்தச் சாட்சியின் உடலிலிருந்தே ஒடிக்கப்பட்டது. செடி, விலங்கு, ஆவி ஆகிய மூன்றும் கதையுள் ஒரு வழக்கின் உறுப்புகளாக நிற்கின்றன. பட்டியல் செய்வது என்ன? கள்ளியை ‘மரம் பற்றிய நம்பிக்கை’ என்னும் தலைப்பிலும், பாம்பை ‘விலங்கு பற்றிய நம்பிக்கை’ என்னும் தலைப்பிலும், நீலியை ‘பேய் பற்றிய நம்பிக்கை’ என்னும் தலைப்பிலும் தனித்தனியே கொண்டுபோய் வைக்கிறது. வழக்கின் கட்டு கலைக்கப்பட்டுச் சாட்சியும் தண்டனையும் முறையீடும் மூன்று வெவ்வேறு பக்கங்களில் கிடக்கின்றன. அதன்பின் அவை பொருளற்றனவாகத் தோன்றுவதில் வியப்பில்லை. பொருளற்றனவாக்கியது மக்களின் அறியாமை அன்று, ஆய்வாளரின் கத்தரிக்கோலே.

அச்சம் ஒன்றே இவ்வழக்காற்றின் சாரம் என்போர் மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இசக்கிமுத்து, இசக்கியம்மாள், இசக்கிப்பாண்டி என்னும் பெயர்கள் இன்றும் பெருவழக்காக உள்ளன. வெறும் பேயின் பெயரைத் தம் தலைமகவுக்கு இட எந்தத் தாயும் துணியமாட்டாள். பிள்ளைப்பேறு வேண்டி இசக்கிக்கு நேர்ந்துகொள்வதும், மரத்தில் தொட்டில் கட்டுவதும், குழந்தை உருவத்தை நேர்த்திக்கடனாகச் செலுத்துவதும் அச்சத்தின் செயல்கள் மட்டும் ஆகா. வஞ்சிக்கப்பட்டவள் வஞ்சிக்கப்பட்டாரைக் காப்பாள் என்னும் உறவுமுறை அங்கே நிலவுகிறது. ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில், காற்றாலைகள் சூழ்ந்து நிற்க, இசக்கியம்மன் கோவிலுக்கு மக்கள் திரளாக வருகின்றனர். கல்வி வளர்ந்தால் மறையும் என்ற முன்கணிப்பு, எழுத்தறிவில் முன்னிற்கும் அம்மாவட்டத்திலேயே பொய்த்துப்போனமைக்கு அக்கணிப்பாளர்கள் இதுவரை விளக்கம் தந்தாரல்லர்.

இயக்கியின் நெடிய வரலாறு

நம்பிக்கைகளைக் காலமற்றனவாகக் கொள்வது பட்டியல்முறையின் மற்றொரு குறை. ‘மக்களிடையே காலங்காலமாக நிலவிவருகிறது’ என்னும் தொடர் வரலாற்றாய்வின் வாயிலை அடைத்துவிடுகிறது. யட்சி என வடமொழியில் வழங்குவதே தமிழில் இயக்கி என்றும் பேச்சுவழக்கில் இசக்கி என்றும் வழங்குகிறது என்பது அறிஞர் பலர்க்கும் உடன்பாடு. சிலப்பதிகாரத்து அடைக்கலக்காதையில் ஆயர்முதுமகள் மாதரி இயக்கிக்குப் பால்மடை கொடுத்து மீளும் வழியிலேயே கவுந்தியடிகளைக் காண்கிறாள். கண்ணகி அவளிடம் அடைக்கலமாகத் தரப்படுகிறாள். அநீதிக்கு ஆளாகிப் பின் தெய்வமாகவிருக்கும் பெண்ணைப் பேணும் பொறுப்பு, இயக்கியை வழிபட்டு வந்த ஒருத்தியிடம் சென்று சேர்வதைக் காப்பியத்தின் போக்கில் வெறும் தற்செயல் என ஒதுக்கிவிட முடியாது.

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்துச் சிதறால் மலை, திருச்சாரணத்துமலை எனப் பழைய பெயருடையது. தீர்த்தங்கரர் உருவங்களோடு பத்மாவதி, அம்பிகை ஆகிய சமண இயக்கியரின் உருவங்களும் அப்பாறையில் உள்ளன. 9ஆம் நூற்றாண்டின் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டும் அங்கு உண்டு. சமணப்பள்ளியாக இருந்த அவ்விடம் பிற்காலத்தில் பகவதி கோவிலாயிற்று. நாகர்கோவில் நாகராசர் கோவிலிலும் தீர்த்தங்கரர் உருவங்கள் உள்ளன. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அக்கோவில் சமணரோடு தொடர்புற்றிருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. குழந்தைகளோடு நிற்கும் அம்பிகை இயக்கிக்கும் இடுப்பில் குழந்தையோடு நிற்கும் இசக்கிக்கும் இடையே நேர்க்கோடு வரைவது இன்றைய நிலையில் கருதுகோளேயாகும். எனினும் அது ஆராயத்தக்க கருதுகோள். ‘மூடநம்பிக்கை’ எனத் தலைப்பிட்ட கணத்தில் அவ்வாராய்ச்சி தொடங்காமலே முடிந்துவிடுகிறது.

நீலிக்கு இலக்கிய வரலாறும் உண்டு. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரோடு தொடர்புடைய இக்கதையின் குறிப்பு ஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே காணப்படுகிறது. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசியின் தலைவி பழையனூர் நீலியே. முனிவரை அச்சுறுத்த வந்தவள் அவரால் அறம் உணர்ந்து, சமணத்தின் சார்பில் பிற சமயத்தாரோடு வாதிட்டு வெல்கிறாள். அ. சக்கரவர்த்தி 1936இல் பதிப்பித்த அந்நூல் தமிழின் முதன்மையான தருக்க நூல்களுள் ஒன்று. பேய் என ஊர் ஒதுக்கிய ஒருத்தியின் வாயில் ஒரு காப்பியம் முழுமைக்குமான வாதத்தை வைத்த அந்நூலாசிரியர்க்கு இருந்த துணிவு, அவளை ‘பேய் பற்றிய நம்பிக்கைகள்: எண் 14’ என்று குறிக்கும் ஆய்வாளர்க்கு இல்லை. பேயை வாதிடவிட்டவர் 10ஆம் நூற்றாண்டையொட்டி வாழ்ந்தவர்; வாயடைப்பவர் 21ஆம் நூற்றாண்டில் வாழ்பவர்.

இதற்கு முந்தைய அடுக்கும் உண்டு. கள்ளி நிழலில் உறையும் கடவுளைப் புறநானூறு அறியும். அணங்கும் சூரும் மலையிலும் நீர்த்துறையிலும் மரத்திலும் உறைவனவாகச் சங்கப் பாடல்கள் கூறும். அணங்கு என்பதைப் பெண்மேல் உறையும் புனித ஆற்றலாகச் சுருக்கிய ஜார்ஜ் ஹார்ட்டின் கருத்தை வி. எஸ். ராஜம் 1986இல் மறுத்தெழுதியது, ஒரே சொல்லின் பொருளை நிறுவச் சான்றுகளை எவ்வளவு நுணுகி நோக்க வேண்டியுள்ளது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சங்கச் சொல்லுக்குக் காட்டப்படும் அந்நுணுக்கம் நாட்டார் சொல்லுக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது?

மொழி வழங்கிய தீர்ப்பு

பொய்யாக அழுவதைத் தமிழில் நீலிக் கண்ணீர் என்பர். நீலி என்பதே வஞ்சகமுடையவள் எனப் பொருள்படும் வசைச்சொல்லாகவும் வழங்குகிறது. கதையை மீண்டும் நோக்கின் இவ்வழக்கின் கொடுமை புலப்படும். சபையின் முன் நீலி சொன்னவற்றுள் இப்பிறப்பில் அவன் தன் கணவன் என்பது பொய், குழந்தையும் பொய். ஆயின் அவன் தன்னை நம்பவைத்துக் கைவிட்டான் என்பது மெய். முற்பிறப்பில் தன்னைக் கொன்றான் என்பதும் மெய். மெய்யான முறையீட்டைக் கேட்க எந்தச் சபையும் இல்லாதபோது, கேட்கத்தக்க வடிவில் ஒரு பொய்யைப் புனைந்துகொண்டு வருகிறாள். கொன்றவனின் வஞ்சகத்தைக் குறிக்க மொழியில் ஒரு தொடர் இல்லை. கொல்லப்பட்டவளின் கண்ணீரைப் பொய்யெனக் குறிக்க ஒரு தொடர் நிலைத்துவிட்டது. சொன்ன சொல் காத்துத் தீப்புகுந்தோரின் வாய்மை போற்றப்படும்போது அவர்கள் யாரைக் காக்கச் சொல் கொடுத்தனர் என்பது கேட்கப்படுவதில்லை.

மொழி தன் வரலாற்றில் ஒரு தரப்பின் தீர்ப்பை இவ்வாறு உறைய வைத்திருப்பதை எடுத்துக்காட்டுவது தமிழாய்வின் கடமை. மாறாக, வழக்காற்றைப் பதிவுசெய்யும் ஆய்வேடுகள் ‘ஆண்களை மயக்கிக் கொல்லும் பெண்பேய்’ என்னும் வரையறையையே மீள எழுதுகின்றன. யார் யாரைக் கொன்றார் என்பது அவ்வரையறையில் தலைகீழாகிவிட்டது. இறந்துபட்டோர் தெய்வமாகும் கதைகளைக் குமரி வட்டாரத்தில் வாதைகளின் கதைகள் என்று பிரித்தே பேசுவர். வெட்டுப்பட்டு, அடிபட்டு, துரத்தப்பட்டு இறந்தோரே வாதைகள். யார் வெட்டினார் என்னும் வினாவைப் பாடுவோர் மறக்கவில்லை, எழுதுவோர் மறந்தனர்.

மந்திரவாதியின் பாடம்

இம்மறதிக்கு அச்சுப் பண்பாட்டிலும் ஒரு காரணம் உண்டு. கொட்டாரத்தில் சங்ஙுண்ணி தொகுத்து 1909 முதல் நூல்வடிவில் வெளிவந்த ‘ஐதீகமாலை’ கேரளத்தின் யட்சிக் கற்பனையை வடிவமைத்ததில் பெரும்பங்கு வகித்தது. இரவில் வழிப்போக்கரிடம் சுண்ணாம்பு கேட்கும் அழகி, மாளிகை எனத் தோன்றிப் பின் பனையாகும் தங்குமிடம், மறுநாள் மரத்தடியில் கிடக்கும் நகமும் மயிரும் ஆகியன அனைவரும் அறிந்த படிமங்களாயின. அந்நூலின் கடமற்றத்துக் கத்தனார் கதையில், திருவனந்தபுரத்திற்கும் பத்மநாபபுரத்திற்கும் இடைப்பட்ட வழியில் மக்களை வருத்திய யட்சியின் தலையில் ஆணி அறைந்து கத்தனார் அவளை வசப்படுத்துகிறார். அங்கே யட்சிக்கு முன்கதை இல்லை. அவள் யார், எவ்வாறு இறந்தாள், கொன்றவர் யார் என்னும் வினாக்களுக்கு இடமில்லை. கதைத்தலைவர் மந்திரவாதி, யட்சி அவரது ஆற்றலை மெய்ப்பிக்க வந்த பொருள்.

ஏறத்தாழ அதே வழித்தடத்தில் இருவகைப் பாடங்கள் வழங்கியிருப்பது கருதத்தக்கது. ஒன்று இயக்கிக்குப் பிறப்பும் பெயரும் இறப்பும் தருவது. கொடைவிழாவில் பலர் கூடிக் கேட்பது. மற்றொன்று அவளை ஆணியால் அடக்குவது. தனியே அமர்ந்து படிப்பது. முன்னது பாதிக்கப்பட்டவளின் பாடம், பின்னது அடக்கியவரின் பாடம். பின்னதே அச்சேறித் திரைக்கும் தொலைக்காட்சிக்கும் சென்றது. ஆய்வாளரின் பட்டியலும் அறிந்தோ அறியாமலோ இப்பின்னதையே பின்பற்றுகிறது. கதையைக் களைந்து பெயரை மட்டும் ஓரிடத்தில் அறைந்து நிறுத்துவதில் ஆணிக்கும் எண்ணுக்கும் வேறுபாடு சிறிதே.

திரைப்படம் இதனைச் சில வேளைகளில் ஆய்வாளர்க்கு முன்பே உணர்ந்திருக்கிறது. பஷீரின் கதையைக் கொண்டு 1964இல் வந்த ‘பார்கவி நிலயம்’ பேய்வீட்டின் அச்சத்திற்குப் பின்னிருந்த கொலையை வெளிக்கொணர்ந்தது. 1993இல் வந்த ‘மணிச்சித்ரத்தாழ்’ திரைப்படத்தில் கேரளத்து மாளிகையொன்றில் அடைபட்ட ஆவி, தமிழ் பேசும் தஞ்சை நடனப்பெண் நாகவல்லி. காரணவரால் கொல்லப்பட்டவள் அவள். 2025இல் வெளியான ‘லோகா’ கள்ளியங்காட்டு நீலியையே நாயகியாக்கிப் பெருவெற்றி கண்டது. அந்தக் கள்ளியங்காடு நாகர்கோவிலை ஒட்டியது. நீலியைத் தமிழாய்வு ஒரு வரியாகச் சுருக்கி வைத்திருக்க, மலையாளத் திரையுலகம் அவளுக்கு மீண்டும் ஒரு கதையைத் தந்திருக்கிறது. அதன் தகுதி வேறு வினா. அவ்விடம் வெற்றிடமாகக் கிடந்தது என்பதே ஈண்டுக் குறிக்கத்தக்கது.

‘அறிவியல்’ என்னும் மறுகோடி

மூடநம்பிக்கை என ஒதுக்குவோர்க்கு எதிர்ப்புறத்தில் நிற்போர், எல்லா நம்பிக்கையிலும் மறைந்த அறிவியலைக் காண்கின்றனர். இரவில் புளியமரத்தடியில் உறங்கலாகாது என்றது மரம் கரியமிலவாயுவை வெளிவிடுவதால் என்றும், அரசமரம் இரவிலும் உயிர்வளியை வெளியிடுவதால் அதற்குப் பேயச்சம் இல்லை என்றும் எழுதுகின்றனர். உயிர்வளி வெளிப்பட ஒளிச்சேர்க்கை வேண்டும். ஒளிச்சேர்க்கைக்கு ஒளி வேண்டும். அரசு உட்பட எம்மரமும் இருளில் உயிர்வளியை வெளியிடாது. எல்லா மரமும் இரவில் சுவாசித்துச் சிறிதளவு கரியமிலவாயுவை வெளிவிடுகிறது; திறந்தவெளியில் அது உறங்குவோரை வருத்தும் அளவினதன்று. ஆகவே இவ்விளக்கம் அறிவியலாகவும் தவறு. வழக்காற்றியலாகவும் தவறு, ஏனெனில் புளிக்கும் அரசுக்கும் வளியளவில் இல்லாத வேறுபாட்டை மக்கள் ஏன் கற்பித்தனர் என்னும் உண்மையான வினாவுக்கு அது விடை தருவதில்லை.

ஏழிலைப்பாலையை எடுத்துக்கொள்ளலாம். அதன் பூ இரவில் கடுமணம் பரப்பும். கேரளத்தில் யட்சி அம்மரத்தோடு இணைக்கப்படுவதற்கு அம்மணம் ஒரு காரணமாயிருக்கலாம். ஆயின் மணம் மரத்தை விளக்குமேயன்றி, அம்மணத்தில் ஏன் கொல்லப்பட்ட ஒரு பெண் நினைவுகூரப்படுகிறாள் என்பதை விளக்காது. காவுகள் பற்றிய விளக்கமும் இத்தகையதே. பாம்புக்காவிலும் இயக்கிக்காவிலும் மரம் வெட்ட அஞ்சியமையால் அரிய தாவரங்கள் பிழைத்தன என்பது மெய். காடு காக்கவே முன்னோர் அக்கதைகளைக் கட்டினர் என்பது அதிலிருந்து பெறப்படாது. விளைவைக் காரணமாக்கும் பிழை இது. ஒதுக்குவோரும் போற்றுவோரும் ஒரு புள்ளியில் ஒன்றுபடுகின்றனர்: கதையைக் கேட்க வேண்டியதில்லை என்பதில் இருவர்க்கும் கருத்து வேறுபாடில்லை.

எல்லைக்கோட்டின் இருபுறமும்

தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தன. மொழிவழி மாநில அமைப்பு அரசியலில் நேரிய தீர்வாக இருந்திருக்கலாம். அக்கோடு ஆய்வையும் பிளந்தது என்பதே இங்கு வருந்தத்தக்கது. அதன்பின் கோட்டுக்கு வடக்கே யட்சி மலையாளத்திற்கும் தெற்கே இசக்கி தமிழுக்கும் உரியவளாயினர். தமிழும் மலையாளமும் விரவிய நடையில் அமைந்த நீலி கதை, இரவிக்குட்டிப்பிள்ளை போர் போன்றவற்றை மலையாள அறிஞர் ‘தெக்கன் பாட்டுகள்’ என்றும், தமிழறிஞர் கதைப்பாடல்கள் என்றும் தனித்தனியே வகைப்படுத்தினர். ஒருசாரார் பதிப்பை மறுசாரார் ஒப்புநோக்குவது அரிதாயிற்று. அ. கா. பெருமாள் போன்றோர் குமரி வட்டாரக் கதைகளைத் திரட்டி வெளியிட்டுள்ளனர். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் வில்லுப்பாட்டை நிகழ்த்துதலோடு வைத்து ஆராய்ந்து 1988இல் நூலாக்கினார். அவ்வழியில் நடந்தோர் சிலரே.

இப்பிளவின் விளைவைத் திருவனந்தபுரத்திலேயே காணலாம். 2011இல் பத்மநாபசுவாமி கோவிலின் நிலவறைகள் உச்சநீதிமன்ற ஆணைப்படி திறக்கப்பட்டபோது, திறக்கப்படாத ‘பி’ நிலவறையைப் பற்றிப் பாம்புச் சின்னம், சாபம், யட்சிக் காவல் என்னும் செய்திகள் நாடெங்கும் பரவின. அந்நிலவறையைத் திறப்பதா என்பதை 2020 சூலைத் தீர்ப்பில் உச்சநீதிமன்றம் நிருவாகக் குழுக்களின் முடிவுக்கு விட்டது. அங்கு உறைவதாகச் சொல்லப்படும் காஞ்சிரோட்டு யட்சி, மரபுக்கதையின்படி இன்றைய குமரி மாவட்டத்துக் காஞ்சிரக்கோட்டில் வாழ்ந்து கொலையுண்ட ஒரு பெண். நிலவறையின் பொன்னைப் பற்றி எழுதப்பட்டனவற்றுள் அப்பெண்ணின் இறப்பைப் பற்றிய கேள்வி இடம்பெற்றதில்லை என்னும் அளவுக்கு அருகியே காணப்பட்டது. யட்சி ஒரு பூட்டாக மட்டும் பயன்பட்டாள். தமிழும் மலையாளமும் ஒருங்கே அறிந்த ஆய்வாளர்கள் அவள் கதையைப் பேசியிருக்க வேண்டிய தருணம் அது.

எதிர்வாதமும் விடையும்

இவ்வாறு வாதிடுவது மூடநம்பிக்கைக்கு அரண் செய்வதாகாதா எனச் சிலர் வினவக்கூடும். வினா புறந்தள்ளத்தக்கதன்று. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் கருகி மாண்டனர். பேய்பிடித்தல் என்னும் நம்பிக்கையால் மருத்துவம் மறுக்கப்பட்டோரும் அத்தகைய இடங்களில் இருந்தனர். 2022 அக்டோபரில் பத்தனம்திட்டை மாவட்டம் இலந்தூரில் இரு பெண்கள் கொல்லப்பட்டது வெளிவந்தது. இருவரும் இலாட்டரிச்சீட்டு விற்றுப் பிழைத்தவர்கள். ஒருவர் தருமபுரியிலிருந்து வந்த தமிழ்ப்பெண். செல்வம் பெருகும்பொருட்டு நரபலி தரப்பட்டது என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. இவற்றுக்கு எதிராகச் சட்டமும் மருத்துவமும் பகுத்தறிவும் நின்றே ஆகவேண்டும்.

ஆயின் இங்கேதான் பட்டியல்முறையின் தோல்வி முழுமையாக வெளிப்படுகிறது. மகாராட்டிரம் 2013இலும் கருநாடகம் 2017இலும் இத்தகைய தீங்குகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றின. கேரளத்தில் சட்டச் சீர்திருத்த ஆணையம் 2019இல் வரைவொன்றை அளித்தது. எனினும் சட்டம் இயற்றும் முடிவிலிருந்து பின்வாங்கியதாக அரசு 2025இல் உயர்நீதிமன்றத்திடம் தெரிவித்தது. இத்தகைய சட்டங்கள் அனைத்தும் எதிர்கொள்ளும் இடர் வரையறையே. எது வழிபாடு, எது கலை, எது நினைவு, எது வணிகம், எது வன்முறை எனப் பிரித்துக் காட்ட வேண்டிய அறிவுத்துறை வழக்காற்றியல். அத்துறையே மரத்தில் தொட்டில் கட்டுவதையும் மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதையும் ஒரே தலைப்பின்கீழ் வைத்தால், சட்டம் இயற்றுவோர் எங்கே சென்று தெளிவு பெறுவர்? எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்பவர், உண்மையில் தீங்கு செய்பவனுக்கு ‘எங்கள் மரபைத் தாக்குகின்றனர்’ என்று சொல்லும் வாய்ப்பைத் தாமே அளிக்கின்றனர்.

மேலும் ஒன்று. நீலி கதையில் கொலைக்குக் காரணம் நகை. இலந்தூர் வழக்கில் கூறப்படும் காரணமும் பொருள் வேட்கையே. நம்பி உடன் வந்த பெண்ணைப் பொருளுக்காகக் கொல்பவன் தப்ப இயலாது, கள்ளியும் சாட்சி சொல்லும் என்று விடியவிடியப் பாடுவது அக்கதை. நரபலியையும் நீலி கதையையும் ‘ஆவி பற்றிய நம்பிக்கை’ என ஒருங்கே வகைப்படுத்துவது குற்றத்தையும் குற்றச்சாட்டையும் ஒன்றெனக் கொள்வதற்கு ஒப்பாகும்.

இயக்கி வழக்காறு முழுதும் பெண்ணின் சார்பிலானது என இதனால் கொள்ள வேண்டியதில்லை. ஆணி அறையும் கதை பெண்ணை அடிக்கும் மந்திரவாதிக்கு முன்மாதிரியாகிறது. வேப்பங்குழையால் அடித்துப் பேயோட்டுவதில் அடிபடுவது உயிருள்ள ஒரு பெண்ணின் உடலே. அதனாலேயே யார் சொன்ன பாடம், எந்தச் சூழலில், யாரை நோக்கி என்று பிரித்தறிதல் இன்றியமையாததாகிறது. பட்டியலில் இவ்வினாக்களுக்குக் கட்டம் இல்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில தேவைகள் பெறப்படுகின்றன. நம்பிக்கை ஒவ்வொன்றும் அதனைத் தாங்கும் கதை, பாடுவோர், கேட்போர், இடம் ஆகியவற்றோடு சேர்த்தே பதிவுசெய்யப்பட வேண்டும். கதை கிடைக்காவிடில் கிடைக்கவில்லை என்றே எழுத வேண்டும். வேணாட்டுக் கதைப்பாடல்களின் தமிழ், மலையாளப் பாடங்கள் ஒருங்கே வைத்துப் பதிப்பிக்கப்பட வேண்டும். ஓலைச்சுவடி நூலகமும் தமிழ்த்துறையும் மலையாளத்துறையும் ஒரே நகரில் அமைந்துள்ள திருவனந்தபுரத்தை விட அப்பணிக்கு ஏற்ற இடம் அரிது. ‘மூடநம்பிக்கை’ என்னும் சொல் ஆய்வேட்டின் இயல்தலைப்பாக வருதல் ஒழிய வேண்டும். ஒருவர்க்கு நேரும் தீங்கைச் சான்றோடு காட்டும் இடத்தில் அது தீர்ப்பாக வரலாம்.

பழையனூர்ச் சபையோர் முறையிட வந்தவளைத் தீர விசாரியாது தீர்ப்பு வழங்கினர். அதன் விலையைத் தம் உயிரால் செலுத்தினர். ஆய்வாளர்க்கு அத்தகைய இடர் ஒன்றும் இல்லை. அவர்களிடம் எதிர்பார்க்கப்படுவது வழக்கை முழுதும் கேட்பது மட்டுமே.